பெரிய டிரம்மும் என் நடுநிலையும்

மன்னிக்க வேண்டும் அம்மா, அது மட்டும் என்னால் முடியாது. உங்கள் கணவர் நல்லவராக இருக்கலாம். நகரசபைக்கு அவரைவிடத் தகுந்தவர் மதுரையிலேயே இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் என் மாணவிகளின் தாய்மாரிடம் அவருக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்பதை நான் செய்ய மாட்டேன். அவருடைய எதிராளிக்காகவும் செய்ய மாட்டேன். தேர்தல் என்று வந்துவிட்டால் நான் நடுநிலை. வெள்ளைக்காரி, அதனால் ஒதுங்கிக்கொள்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அயர்லாந்துக்காரி. எங்கள் ஊரில் ஒதுங்கி நிற்கும் பழக்கமே கிடையாது. பக்கம் சாய்ந்ததற்காக வேலை போனவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாயாமல் நின்றதற்காக வேலை போன ஆசிரியை, எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான்.

எப்படி என்கிறீர்களா? சொல்கிறேன். எதிர் வண்டி வந்து சேரும்வரை இந்த ரயில் வையம்பட்டி நிலையத்தைவிட்டு நகரப்போவதில்லை. ஜன்னல் பக்கம் வந்து உட்காருங்கள், காற்று வரும்.

ஒன்று மட்டும் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தமிழ் கற்பித்த பண்டிதர் எழுத்துத் தமிழைத்தான் கற்பித்தார். என் பேச்சும் அப்படியே அமைந்துவிட்டது. கல்லூரியில் பெண்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் பேசியதைச் சொல்லும்போது பேச்சுத் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் வாயில் இலக்கணத்தைத் திணித்தால் அது பொய்யாகிவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தாம் ஆண்டு. அந்த ஆண்டில் வானத்தில் வால்நட்சத்திரம் தோன்றியது. லண்டனில் மன்னர் காலமானார். பாராளுமன்றத் தேர்தல் ஒரே ஆண்டில் இரண்டு முறை வந்தது, ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று. உலகம் முழுவதும் இவற்றைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரான கில்பிரானில் பேசவில்லை. எங்களுக்கு டிரம் பிரச்சினை இருந்தது.

கில்பிரான் பெரிய ஊர் அல்ல. கார்க் மாவட்டத்தின் மேற்கு மூலையில் ஒரு கடைத்தெரு, ஒரு ஆற்றுத்தெரு, ஒரு மாதா கோயில், ஒரு போலீஸ் நிலையம், மீதி எல்லாம் மழை. பெண் பிள்ளைகள் பள்ளியில் நான்தான் தலைமை ஆசிரியை. துணை ஆசிரியையும் நான்தான். பட்டம் பெற்றவள், பெற்றோர் இல்லாதவள், நிலபுலன் இல்லாதவள். அந்த வேலையும் அதோடு சேர்ந்த இரண்டு அறை வீடும்தான் எனக்கு உலகத்தில் இருந்த எல்லாம். அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

ஊரில் இரண்டு கட்சிகள். இரண்டுக்கும் வேண்டியது ஒன்றேதான். அயர்லாந்தை அயர்லாந்துக்காரர்களே ஆள வேண்டும். அதை லண்டனிடம் எந்தக் குரலில் கேட்பது என்பதில்தான் பிளவு. பழைய கட்சி, புதிய கட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் பேசுவது ஒரே பேச்சு, பாடுவது ஒரே பாட்டு, திட்டுவது ஒரே ஆங்கிலேயரை. பேச்சு முடிந்ததும் கீழே இறங்கி ஒருவர் தொப்பியை ஒருவர் ஆற்றில் எறிவார்கள்.

ஊருக்குப் பேண்டு ஒன்றுதான். எங்கள் நாட்டில் பேண்டு இல்லாத அரசியல் கூட்டத்தைக் கூட்டம் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. பேச்சாளர் வராவிட்டால் மன்னிப்பார்கள், பேண்டு வராவிட்டால் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கட்சி பிளந்தபோது பேண்டும் பிளந்தது. அது நேர் பாதியாகப் பிளந்திருந்தால் தொல்லை இல்லை. கார்னெட் என்ற பித்தளைக் குழல் ஊதுகிறவர்கள் அத்தனை பேரும் கடைத்தெருக்காரர்கள், பழைய கட்சி. டிரம் அடிக்கிறவர்கள் அத்தனை பேரும் ஆற்றுத்தெருக்காரர்கள், புதிய கட்சி. உங்களுக்கு எப்படி விளக்குவது? ஒரு கோயிலில் நாதஸ்வரக்காரர்கள் எல்லாம் ஒரு கட்சி, தவில்காரர்கள் எல்லாம் மறு கட்சி என்று பிரிந்துபோனால் சாமி புறப்பாடு எப்படி இருக்கும்?

சிரிக்கிறீர்கள். ஜனவரித் தேர்தலில் நாங்கள் சிரிக்கவில்லை. பழைய கட்சி ஊர்வலத்தில் மெட்டு மட்டும் வந்தது, தாளம் இல்லை. பிடித்து நிறுத்த டிரம் இல்லாததால் ஆளுக்கொரு வேகத்தில் ஊதினார்கள். பாலத்தை அடைந்தபோது ஒருவர் மூன்றாம் அடியில் இருந்தார், இன்னொருவர் பாட்டை முடித்துவிட்டுக் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். புதிய கட்சி ஊர்வலத்தில் தாளம் மட்டும் வந்தது, மெட்டு இல்லை. வீட்டுக்குள் இருந்தவர்கள் யாரோ கதவை இடிக்கிறார்கள் என்று எழுந்து வந்து திறந்து பார்த்தார்கள்.

யார் வென்றது என்கிறீர்களா? அதைச் சொன்னால் என் குரலில் ஏதாவது தொனித்துவிடும். வேண்டாம், விடுங்கள்.

தேர்தல் முடிந்ததும் திருட்டுப் பேச்சு தொடங்கியது. டிரம்மைத் தூக்கிவிடுவோம் என்று கடைத்தெரு சொன்னது. கார்னெட்டையெல்லாம் தூக்கிவிடுவோம் என்று ஆற்றுத்தெரு சொன்னது. வாத்தியங்கள் எல்லாம் ஊர்ப் பொதுப்பணத்தில் வாங்கியவை. கடைசியில் பங்குச் சாமியார் ஃபாதர் லெனிஹன் தலையிட்டார். எங்கள் பள்ளிக்கு நிர்வாகியும் அவர்தான். வேலை கொடுப்பவரும் எடுப்பவரும் அவரே. அவர் சொன்ன வழி சரியானது. வாத்தியங்கள் அத்தனையும் ஒரு பொது ஆளிடம் இருக்க வேண்டும். ஆனால் பொது ஆளுக்கு எங்கே போவது? ஓட்டு உள்ளவன் எவனும் ஏதோ ஒரு கட்சியில் இருந்தான். ஆகவே ஓட்டு இல்லாத ஆளைத் தேடினார்கள். எங்கள் சட்டப்படி ஓட்டு இல்லாதவர்கள் குழந்தைகள், சிறைக்கைதிகள், பிரபுக்கள், பெண்கள். ஊரில் ஒரு பிரபு இருந்தார், மழைக்காலம் முழுவதும் இங்கிலாந்தில் இருப்பார். எங்கள் ஊரில் மழைக்காலம் இல்லாத காலம் எது? எனவே என்னிடம் வந்தார்கள்.

நான் பட்டதாரி, எனக்கு ஓட்டு இல்லை. சிறு டிரம் அடிக்கும் கிழவர் பேட்சி லூனிக்குத் தம் பெயரை எழுதத் தெரியாது, அவருக்கு உண்டு. இதைக் குறையாகச் சொல்லவில்லை, விவரமாகச் சொல்கிறேன்.

ஃபாதர் என்னைத் தனியே கூப்பிட்டு எச்சரித்தார்.

"மிஸ் டூமி, ஊரே உங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கும். ஒரு கடுகளவு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ சாஞ்சீங்கன்னு தெரிஞ்சா, மறுநாள் அந்தப் பள்ளிக்கூடத்துல வேற டீச்சர்தான். எனக்கு வேற வழி கிடையாது."

"ஃபாதர், நான் சாய்வதில்லை" என்றேன். அந்த வாக்கை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன்.

வாத்தியங்கள் என் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தன. கார்னெட்டுகளைச் சுவரோரமாக, ஜன்னலுக்குக் கீழே அடுக்கினேன். பெரிய டிரம்மைக் கணப்பின் அருகில் வைத்தேன். இதைத்தான் பின்னால் பெரிய குற்றமாகப் பேசினார்கள். டிரம்முக்கு இரண்டு பக்கமும் ஆட்டுத் தோல். ஈரக் காற்றில் தோல் தளர்ந்துவிடும், அதற்குச் சூடு வேண்டும். கார்னெட் பித்தளை. பித்தளைக்கு என்ன வரும்?

கார்னெட்காரர்களின் தலைவர் டிமதி குரோலி. கடைத்தெருவில் துணிக்கடையும் குடைக்கடையும் வைத்திருந்தவர். ஒரு நாள் வாசலிலேயே நின்று ஆரம்பித்துவிட்டார்.

"ஏன் மிஸ், அந்த டிரம்முக்கு மட்டும் கணப்பு, எங்க கார்னெட்டுக்கு மூலையா? அதுவும் ஊர்ப் பணத்துல வாங்குனதுதானே?"

"மிஸ்டர் குரோலி, தோல் தளரும், பித்தளை தளராது. இது பாரபட்சம் அல்ல, இயற்பியல்."

"அந்த மர்ட்டி ஹாரிங்டனுக்கு டெய்லி டீ போட்டுக் குடுக்கிறீங்களாமே, அதுவும் இயற்பியலா?"

"அவர் மழையில் நனைந்து வருகிறார்."

"நான் குடை விக்கிறவன் மிஸ். நனையாம வர்றேங்கிறதுக்காக எனக்குத் தாகமே எடுக்காதா?"

மர்ட்டி ஹாரிங்டன் யார் என்று சொல்லவில்லை அல்லவா? பெரிய டிரம் அடிப்பவர். புதிய கட்சி. எங்கள் ஊர்ச் சிறு ரயில் பாதையின் பட்டறையில் வேலை. ஆள் குட்டை. டிரம்மை மார்பில் மாட்டிக்கொண்டால் எதிரே வருகிறவர்களுக்கு இரண்டு பூட்ஸும் ஒரு தொப்பியும் மட்டும் தெரியும். அவருக்கு எதிரே வருவது எதுவுமே தெரியாது. முன்னால் போகிறவர்களின் காலடிச் சத்தத்தை வைத்துத்தான் நடப்பார். கண்கள் பழுப்பும் பச்சையும் கலந்தவை. வலது புருவத்தில் பட்டறைத் தீப்பொறி பட்ட சிறு தழும்பு. இதையெல்லாம் விவரிப்பு முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். குரோலியின் கண்கள்? நினைவில்லை. இரண்டு இருந்தன.

டிரம்மின் தோலைச் சரிபார்க்க ஒவ்வொரு மாலையும் மர்ட்டி வருவார். விரலால் தட்டுவார். காதை வைத்துக் கேட்பார். தலையை ஆட்டுவார்.

"இன்னும் கொஞ்சம் சோந்துதான் கெடக்கு மிஸ். நாளைக்கும் வந்து பாக்கணும்."

பிப்ரவரியில் சோர்ந்திருந்தது. மேயில் சோர்ந்திருந்தது. ஜூலையிலும் சோர்ந்திருந்தது. அந்த ஆண்டுக் கோடை சற்று ஈரமானது.

நீங்கள் என்னை அப்படிப் பார்க்கக் கூடாது அம்மா. கார்னெட்காரர்களுக்கும் அதே உரிமையைக் கொடுத்தேன். வாத்தியங்களைப் பார்வையிட மிஸ்டர் குரோலிக்கென்று தனி நேரமே ஒதுக்கினேன், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலை பத்து மணி. அது சந்தை நாள், அவரால் கடையைவிட்டு வர முடியாது என்றார்கள். வர முடியாதது அவருடைய சங்கடம், நேரம் ஒதுக்கியது என் கடமை. இரண்டையும் குழப்பக் கூடாது.

மார்ச் மாதம் பாட்ரிக் புனிதரின் திருநாள். எங்களுக்குப் பொங்கல் மாதிரி. இரண்டு கட்சியும் வந்து வாத்தியத்தைக் கேட்டன. என் விதி ஒன்றுதான். கொடுத்தால் எல்லாருக்கும் சேர்த்துக் கொடுப்பேன், எல்லாரும் சேர்ந்தே வாசிக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றும் கிடையாது. இரண்டு கட்சியும் முடியாது என்றன. திருநாள் அன்று கில்பிரானில் தவளைச் சத்தம் கேட்டது. அத்தனை அமைதி. ஊரே என்னை வைதது. நான் அன்று மாலை டிரம்முக்குக் கணப்பில் கூடுதலாக ஒரு கட்டை போட்டேன். வாசிக்கப்படாத வாத்தியம் சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்று மர்ட்டி சொல்லியிருந்தார்.

நவம்பர் கடைசியில், யாரும் எதிர்பாராமல், இரண்டாவது தேர்தலை அறிவித்தார்கள். ஊர் கலங்கிப்போயிற்று. ஒரே ஆண்டில் இரண்டாம் முறையும் பாதிப் பேண்டோடு போனால் பக்கத்து ஊர்க்காரன் முகத்தில் எப்படி விழிப்பது? குரோலி வந்தார், பேட்சி லூனி வந்தார், ஒரே பெஞ்சில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்தார்கள்.

"சரி மிஸ், ஒண்ணா வாசிக்கிறோம்" என்றார் குரோலி, பல் பிடுங்கியவர் போல. "ஆனா கூட்டு ரோட்டுல எந்தப் பக்கம் திரும்பறது? அதச் சொல்லுங்க மொதல்ல."

அதுதான் கேள்வி. கடைத்தெருவின் முடிவில் ஒரு நாற்சந்தி. இடது பக்கம் திரும்பினால் பழைய கட்சி அலுவலகம், வலது பக்கம் திரும்பினால் புதிய கட்சி அலுவலகம். பேண்டு முதலில் யார் வாசலில் போய் நிற்கிறதோ அவர்களுக்குத்தான் முதல் மரியாதை. உங்கள் ஊரில் தேர் எந்த வீதியில் முதலில் நிற்பது என்று அடிதடி வருமே, அதே கதை.

"எங்க பக்கந்தான் திரும்பணும். நாங்கதான் பழைய ஆளுங்க" என்றார் குரோலி.

"பழசுன்னா ஒன் கடையில இருக்கிற கோட்டும் பழசுதான். அதுக்கு யாரு மரியாத பண்றா?" என்றார் லூனி.

நான் ஒரு நாள் அவகாசம் கேட்டு நன்றாக யோசித்தேன். மறுநாள் தீர்ப்புச் சொன்னேன். இடமும் வேண்டாம், வலமும் வேண்டாம், பேண்டு நேராகப் போக வேண்டும். இதைவிட நடுநிலையான வழியை யூக்ளிடும் கண்டுபிடித்திருக்க முடியாது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். மற்றவனுக்குக் கிடைக்காது என்பதில் இருவருக்கும் அவ்வளவு திருப்தி. ஒப்புக்கொண்டு போய்விட்டார்கள்.

நேராகப் போனால் என்ன இருக்கிறது என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் இல்லை. நேராகப் போனால் போலீஸ் நிலையம், அதற்குப் பின்னால் ஆறு. போலீஸ் நிலையம் ஒரு கட்சி அல்லவே, அதை ஏன் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். அந்த நினைப்பில் தர்க்கப்படி பிழை ஒன்றும் இல்லை. ஆனால் உங்களுக்கு ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் நாட்டுப் போலீஸ் மன்னருடைய போலீஸ். தேசியப் பேண்டு எதுவும் போலீஸ் நிலையத்தின் முன்னால் வாசிக்காது. அந்த வழியாகப் போக நேர்ந்தால் வாத்தியத்தை நிறுத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்கக் கடந்துபோவார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அது தெரியும்.

தேர்தல் நாள் வந்தது. அதிசயமாக மழை இல்லை. பேண்டு முழுசாகத் தெருவில் இறங்கியது. ஓராண்டாகக் காதில் விழாத சத்தம், அம்மா. வயதானவர்கள் நாற்காலியோடு வாசலுக்கு வந்தார்கள். குரோலியும் பேட்சியும் அருகருகே நடந்தார்கள். நான் பள்ளி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கடக்கும்போது பெரிய டிரம்மில் ஒரு அடி கூடுதலாக விழுந்தது. பாட்டில் அந்த இடத்தில் அப்படி அடி கிடையாது. ஏதோ பிசகு என்று எடுத்துக்கொண்டேன்.

நாற்சந்தி வந்தது. கார்னெட்காரர்களுக்கு எதிரே போலீஸ் நிலையம் கண்ணில் பட்டது. பழக்கதோஷம், சட்டென்று இடது பக்கம் திரும்பிவிட்டார்கள். அதைப் பார்த்த சிறு டிரம்காரர்கள் கோபத்தில் வலது பக்கம் திரும்பினார்கள். மர்ட்டிக்கு எதிரே எதுவும் தெரியாது. அவர் நேராகப் போனார்.

கூட்டம் எப்போதும் பெரிய டிரம்மின் பின்னால்தான் போகும். இரண்டு கட்சிக் கூட்டமும் ஒன்றாக அவர் பின்னால் போயிற்று. இடது பக்கம் போனவர்கள் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு நாய்கூட இல்லை. வலது பக்கமும் அதே நிலை. ஊதிக்கொண்டே ஓடிவந்தார்கள், அடித்துக்கொண்டே ஓடிவந்தார்கள், ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள். ஓடிவந்த வேகத்தில் மெட்டும் தாளமும் அப்படியொரு பொருத்தமாக அமைந்துவிட்டன. கில்பிரான் பேண்டு அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை என்பார்கள். அந்த அழகோடு போலீஸ் நிலையத்தின் படிக்கட்டு வரை போனது. மர்ட்டியின் டிரம் கதவில் இடித்த பிறகுதான் நின்றது.

கதவு திறந்தது. தலைமைக் காவலர் டிரிம்பிள் வெளியே வந்தார். வடக்கு மாவட்டத்துக்காரர், கனமான மீசைக்காரர். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த ஊரில் ஒருவரும் அவருக்கு வணக்கம் சொன்னதில்லை. எதிரே முழு பேண்டு, அதன் பின்னால் முழு ஊர். மனிதர் உள்ளே ஓடிப்போய்க் கோட்டைப் போட்டுப் பொத்தானையெல்லாம் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார். கண்ணில் நீர்.

"இத்தன வருஷமா என்னைய வெறுக்கிறீங்கன்னே நெனச்சுட்டேன்" என்றார். தொப்பியில் கை வைத்து சல்யூட் அடித்தார். அவருடைய மனைவி கிறிஸ்துமஸுக்குச் செய்து வைத்திருந்த கேக்கைத் தட்டோடு கொண்டுவந்து நீட்டினாள். கூட்டத்தின் முன் வரிசையில் நின்றவர்கள் வேறு வழியில்லாமல் தின்றார்கள். பேட்சி லூனி இரண்டு துண்டு தின்றார் என்று பின்னால் தெரிந்தது.

அடுத்த வாரம் மாவட்டச் செய்தித்தாளில், கில்பிரானின் தேசியப் பேண்டு மன்னரின் போலீஸுக்கு இசை மரியாதை செலுத்தியது என்று கட்டம் கட்டிப் போட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களைக் கண்டால் சல்யூட் அடிக்க ஆரம்பித்தார்கள். ஓராண்டாகப் பிளந்து கிடந்த ஊர் அன்றுதான் ஒன்றுபட்டது. எனக்கு எதிராக.

ஃபாதர் லெனிஹன் விசாரணை வைத்தார், என் பள்ளி அறையிலேயே. ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் சிறு பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி ஒன்றுதான். மிஸ் டூமி பக்கம் சாய்ந்தாளா, இல்லையா? சாய்ந்தாள் என்றால் வேலை போயிற்று.

குரோலி எழுந்தார். "சாமி, இவங்க முழுக்க ஆத்துத்தெரு ஆளு. டிரம்முக்குக் கணப்பு, டிரம்காரனுக்கு டீ. எங்களுக்குச் சந்த நாள்ல டைம். எங்களப் போலீஸ்காரன் கேக்கத் திங்க வெச்சிட்டாங்க."

பேட்சி லூனி எழுந்தார். "அதெல்லாம் இல்ல சாமி. இவங்க கடைத்தெரு ஆளு. எங்க மானத்த வாங்கணும்னே எங்க மர்ட்டிய ஸ்டேஷன் வாசல்ல கொண்டுபோய் நிறுத்திட்டாங்க."

நான் எழுந்தேன். "ஃபாதர், பழைய கட்சி என்னைப் புதிய கட்சி என்கிறது. புதிய கட்சி என்னைப் பழைய கட்சி என்கிறது. இரண்டு பக்கமும் எடை போட்டாற்போல ஒரே அளவு கோபம். நான் நடுவில் நின்றேன் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?"

ஃபாதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கணக்கு சரியாத்தான் வருது" என்றார். குரோலியைப் பார்த்தார், லூனியைப் பார்த்தார். என் வேலை பிழைத்துவிட்டது, அம்மா. நான் அதைக் கண்ணால் பார்த்தேன். அங்கேயே எழுந்து எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

ஃபாதருக்கு ஒரு சந்தேகம் வந்தது. விசாரணைக்காகக்கூட அல்ல, சும்மா தெரிந்துகொள்ள.

"ஏம்ப்பா மர்ட்டி, ஒனக்குக் கண்ணுதான் மறைக்குது. காது கேக்கும்ல? கார்னெட்டு எல்லாம் லெஃப்ட்ல போறது தெரியலியா?"

மர்ட்டி கடைசிப் பெஞ்சிலிருந்து எழுந்தார். எழுந்ததில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. "தெரிஞ்சுது சாமி."

"பின்ன?"

"நேராப் போகணும்னு மிஸ் சொல்லியிருந்தாங்க."

"முன்னாடி போலீஸ் ஸ்டேஷன்னு தெரியாதா ஒனக்கு?"

"தெரியும் சாமி. அதுக்குப் பின்னாடி ஆறுன்னும் தெரியும்." தொப்பியைக் கையில் சுருட்டினார். "கதவு இடிச்சதால நின்னேன். மிஸ் நேராப் போகச் சொன்னாங்கன்னா ஆத்துலயும் எறங்கியிருப்பேன்."

பின்னாலிருந்து யாரோ பொறுக்க முடியாமல் சிரித்தார்கள். அதன் பின் அத்தனை பேரும் சிரித்தார்கள். குரோலி பெஞ்சைத் தட்டினார். "பாத்தீங்களா சாமி! பாத்தீங்களா! நடுநிலையாம்!"

லூனியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "எங்க பயதான் சாமி. நல்ல பய. ஆனா நாங்க கேட்டுக்கிட்டு அவன் இவ்வளவு தூரம் நடந்ததில்ல."

ஃபாதர் சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் அல்லர். எனக்கு ஒரு வழி வைத்தார், அதை நான் மறுக்க முடியாது.

"மிஸ் டூமி, ஒரே ஒரு வார்த்த போதும். இந்த மனுஷன் எனக்கு ஒண்ணுமில்ல, எல்லாரையும் மாதிரிதான்னு இவங்க அத்தன பேரு முன்னாலயும் சொல்லிடுங்க. பள்ளிக்கூடம் உங்களோடது. இனிமே இந்தப் பேச்ச நான் எடுக்க மாட்டேன்."

எவ்வளவு எளிதான வாக்கியம் பாருங்கள். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நானும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நான் துல்லியமானவள் அம்மா. சரிபார்க்காத ஒன்றை உறுதியாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அந்த வாக்கியத்தை நான் அதுவரை ஒரு முறைகூடச் சரிபார்த்ததில்லை. அதற்குத் தேவையே வந்ததில்லை. ஆகவே ஒரு நிமிடம் அவகாசம் கேட்டேன்.

"எதுக்கு ஒரு நிமிஷம்?" என்றார் ஃபாதர்.

"யோசிக்க."

யாரும் சிரிக்கவில்லை. குரோலிகூடச் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தார். மர்ட்டி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உண்மையாகவே யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆதரவாக இத்தனை, எதிராக இத்தனை என்று முறைப்படி பிரித்துக்கொண்டிருந்தேன். நான் பாதிக்கு வருவதற்குள் ஃபாதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். "போதும்மா, பதில் கெடச்சாச்சு" என்றார். வேலை போயிற்று.

இதில் பக்கச் சாய்வு எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். சாய்ந்தேன் என்று நான் சொல்லவில்லை. சாயவில்லை என்று சொல்ல அவர்கள் விடவில்லை. ஒரு கேள்விக்கு விடை தெரியாதபோது அவசரப்படக் கூடாது என்றுதான் அதே அறையில் எட்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதைக் கடைப்பிடித்ததற்குத் தண்டனையா?

அப்புறமா? அப்புறம் கார்க் நகரத்தில் ஒரு கன்னிமடப் பள்ளியில் இடம் கிடைத்தது. மர்ட்டி ஞாயிற்றுக்கிழமைதோறும் ரயிலில் வந்து போனார். ரயில்வேக்காரர், டிக்கெட் செலவு கிடையாது, அதனால் வந்தார் என்றே எண்ணினேன். விட்ட இடத்திலிருந்து யோசிப்பதை நானும் தொடர்ந்தேன். முறையாக, எதையும் விடாமல். முடிவு கிடைக்க ஓராண்டும் சில மாதங்களும் ஆயின. கிடைத்த அன்றே அவரிடம் நேரில் தெரிவித்தேன்.

"எனக்கு அது டிரம்மு உங்க வீட்டுக்கு வந்த பிப்ரவரியிலேயே தெரியும் மிஸ்" என்றார்.

பாருங்கள் அம்மா, எந்த ஆதாரமும் இல்லாமல் முடிவுக்கு வருகிற குணத்தை! பதினைந்து ஆண்டுகளாக, அங்கேயும், அவருடைய ரயில்வே வேலைக்காக வந்த இந்த நாட்டிலும், அவரைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இன்னும் திருந்தவில்லை.